லிஃப்ட்காரர் கைமாற்றிய அதிகாரம்

அந்த மருத்துவமனையில் லிஃப்ட் பொத்தானை அழுத்த லிஃப்ட்காரருக்கு உரிமை கிடையாது. பொத்தான்களின் மேல் ஓர் இரும்புத் தகட்டை வைத்து, நான்கு மூலையிலும் திருகாணி போட்டு மூடியிருந்தார்கள். உள்ளே ஒரு முக்காலி, ஒரு மின்விசிறி, ஒரு தொலைபேசி. யாராவது ஏறி மாடி எண்ணைச் சொன்னால், லிஃப்ட்காரர் தொலைபேசியை எடுத்து ஆறாவது மாடியிலிருந்த மையக் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிடுவார்.

"மூணாவது மாடி போகணும் சார்."

"எத்தனை பேர்?"

"நாலு பேர்."

"காரணம்?"

லிஃப்ட்காரர் நான்கு பேரையும் ஒருமுறை பார்த்துக்கொள்வார். ஒருவர் தலையில் கட்டுப் போட்டிருப்பார். ஒருவர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருப்பார். "உடம்புக்கு முடியலைன்னு வந்திருக்காங்க சார்."

"சரி, லைன்ல இருங்க."

மைய அறையில் மேலே அனுப்ப ஒருவர், கீழே இறக்க ஒருவர், இந்த இருவரும் முகம் கொடுத்துப் பேசாத நாட்களில் நடுவே நின்று தீர்த்துவைக்க ஓர் அதிகாரி என்று மூன்று பேர் இருந்தார்கள். அனுமதி வருவதற்குள் பலருக்குக் காய்ச்சல் தானாகவே இறங்கியிருக்கிறது. ஸ்ட்ரெச்சர் வந்தால் மட்டும் காரணம் கேட்க மாட்டார்கள். அதற்குத் தனியாக ஒரு படிவம் இருந்தது. மருத்துவமனையில் மொத்தம் மூன்று லிஃப்ட். ஒன்று பழுது. இன்னொன்று, பழுதானதைச் சரிசெய்யத் தன் பாகங்களைக் கொடுத்துத் தானும் பழுதாகிப்போனது. மிச்சமிருந்தது இது ஒன்றுதான்.

உண்மையைச் சொன்னால், லிஃப்ட்காரருக்கு இந்த ஏற்பாடு பிடித்திருந்தது. பதினோரு வருடமாக அந்த முக்காலியில் உட்கார்ந்து, நடந்த எதற்கும் தான் காரணமில்லாமல் நிம்மதியாக இருந்தார். யாராவது திட்டினால் தொலைபேசியைக் காட்டுவார். வீட்டுக்குப் போனால் படுத்தவுடன் தூக்கம் வரும். மனைவியே சொல்வாள், இவ்வளவு நல்லாத் தூங்கறவரை நான் பார்த்ததே இல்லை என்று.

அந்தத் தூக்கத்துக்கு உலை வைத்தது இயக்குநர் போய்வந்த ஒரு மாநாடு. நான்கு நாள் மாநாடு. போகும்போது இயல்பாகத்தான் போனார். திரும்பி வரும்போது அதிகாரப் பரவலாக்கம் என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். வந்த மறுநாளே ஊழியர்கள் எல்லோரையும் கீழ்த்தளத்தில் லிஃப்ட் முன்னால் கூட்டிவைத்துப் பேசினார்.

"முப்பது வருஷமா இந்த நிறுவனத்துல எல்லா முடிவையும் ஒருத்தரே எடுத்துட்டு இருந்தார். இது பெரிய தவறு. இனிமே இப்படி நடக்கக் கூடாதுன்னு நான் ஒருத்தனே முடிவு எடுத்திருக்கேன். உங்க யாரையும் கேக்கலை. கேட்டா தாமதமாகும். இன்னையிலேர்ந்து நீங்க எல்லாரும் சுதந்திரமா முடிவெடுக்கணும். எப்படிச் சுதந்திரமா எடுக்கணும்கறது சுற்றறிக்கையோட மூணாவது இணைப்புல இருக்கு. அதுல சொன்ன மாதிரியே எடுங்க, வேற மாதிரி எடுத்தா நடவடிக்கை உண்டு."

எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டுவதா வேண்டாமா என்பது மட்டும் இரண்டாவது இணைப்பிலேயே முடிவாகியிருந்தது. இயக்குநர் தம் கையாலேயே ஒரு திருகாணியைக் கழற்றினார், புகைப்படக்காரர் கேட்டதற்காக அதையே மறுபடியும் மாட்டி மறுபடியும் கழற்றினார். மீதி மூன்றையும் எலக்ட்ரீசியன் கழற்றினார். தகடு கழன்று வந்ததும், பதினோரு வருடத் தூசியோடு பொத்தான்கள் தெரிந்தன. லிஃப்ட்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

மறுநாள் மேற்பார்வையாளர் ஒரு தடிமனான பதிவேட்டோடு வந்தார். எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் "எனக்கு ஒரு நகல்" என்று கேட்பதால் அவருக்கு நகல் சார் என்றே பெயர். பதிவேட்டில் ஐந்து கட்டங்கள்: எடுத்த முடிவு, எடுக்காமல் விட்ட முடிவு, அதை ஏன் விட்டீர்கள், இதனால் யாருக்காவது மனவருத்தமா, கையொப்பம்.

"ஒரு நாளைக்குப் பன்னெண்டு முடிவு. இது குறைந்தபட்சம்," என்றார் நகல் சார்.

"அவ்வளவு முடிவுக்கு நான் எங்க சார் போறது?"

"யோசிச்சுப் பாருங்க. சலவைக்காரர் நேத்தே பத்தொன்பது எடுத்திருக்கார்."

அது உண்மைதான். எந்த வார்டுக்கு எந்தப் போர்வை என்று சலவைக்காரரே முடிவு செய்ததில், பிரசவ வார்டுக்கு மேசை விரிப்புகள் போயிருந்தன. பெயர்ப்பலகை எழுதுபவருக்கு எழுத்து அழகாக வரும் சுவரில் பலகை வைக்கும் அதிகாரம் கிடைத்ததால், எக்ஸ்ரே அறை என்ற பலகையை நல்ல வெளிச்சமான ஒரு சுவரில் மாட்டினார். அந்தச் சுவருக்குப் பின்னால் அறையே இல்லை. நோயாளிகள் அதன் முன்னால் வரிசையில் நின்றார்கள். வரிசை இருந்ததால் மேலும் பலர் வந்து நின்றார்கள். பார்வையாளர் நேரத்தை வாயில்காவலர் தம் முதுகுவலியைப் பொறுத்துத் தீர்மானித்தார். சாய்தளத்தைக் கவனிக்கும் காவலரோ, நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு போவதற்கென்று மாடிக்கு மாடி போட்டிருந்த அந்த அகலமான சரிவுப் பாதை ஆளில்லாமல் வீணாகக் கிடக்கிறது என்று கருதி, பழைய இரும்புக் கட்டில்களை நான்காவது மாடித் திருப்பத்தில் அடுக்கிவைத்தார். அந்த வார முடிவுகளில் அதைத்தான் சிறந்ததாகத் தேர்ந்தெடுத்து நோட்டீஸ் பலகையில் ஒட்டினார்கள்.

லிஃப்ட்காரர் தம்மால் முடிந்ததை எழுதினார். 'காலை 8.10. மேலே போவது என்று முடிவு. விட்ட முடிவு: கீழே போவது. ஏன் விட்டேன்: அதற்குக் கீழே மாடி இல்லை.' பதிவேடு சிவப்பு மைக் குறிப்போடு திரும்பி வந்தது: 'மாற்று வழியைத் திறந்த மனத்துடன் பரிசீலித்ததாகத் தெரியவில்லை.'

மாதாந்திர ஆய்வுக்கு இயக்குநரின் அறைக்குப் போனபோது, அவருடைய மேசையில் ஒரு காகிதம் கூட இல்லை. மேசைக் கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறு வாரமாச்சு, நான் ஒரு முடிவு எடுத்து," என்றார் பெருமையாக. "காலையில என்ன சட்டை போடறதுன்னு கூட டிரைவரைத்தான் கேக்கறேன். நல்ல தலைமைக்கு அடையாளமே இதுதான். நீங்களும் யாரையும் கேக்காம முடிவெடுக்கணும். அப்படி எடுக்கறதுக்கு முன்னாடி நகல் சார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

இதையெல்லாம் லிஃப்ட்காரர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாமல் போனது வேறு. இப்போது லிஃப்டின் முன்னால் நிற்பவர்கள் தொலைபேசியைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தார்கள். பெரிய அறுவை மருத்துவர், பதினோரு வருடத்தில் முதல்முறையாக, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். ஒருநாள் லிஃப்ட்காரர் ரத்தப் பைகளை முதலில் ஏற்றிக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவரை நிற்கவைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது பெரியவர் தரையில் உட்கார்ந்திருந்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, "பரவாயில்லப்பா, உனக்கும் எத்தனை வேலை," என்றார். லிஃப்ட்காரர் அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். அதற்கு நகல் சார் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்.

"முடிவு எடுத்தவரே மன்னிப்புக் கேட்டா, முடிவு தப்புன்னு ஆயிடும். அப்புறம் நாளைக்கு எல்லாரும் கேக்க ஆரம்பிச்சுடுவாங்க. நிறுவனம் என்னாகறது?"

அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் போனது. கண்ணை மூடினால் யாராவது ஒருவர் லிஃப்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். சோறு போட்டுக்கொண்டே மனைவி, "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்று கேட்டால், "அதையும் நானே சொல்லணுமா?" என்று எரிந்துவிழுந்தார்.

வழி காட்டியது நகல் சார்தான். "ஒன்பதாவது பிரிவைப் படிக்கலையா நீங்க? அதிகாரம் பெற்றவர், தமக்குக் கீழே இருப்பவருக்கு அதைக் கைமாற்றலாம். கைமாற்றின பிறகு அவருக்குப் பொறுப்பு இல்லை. இயக்குநர் கண்காணிப்பாளருக்குக் கைமாத்திட்டார், கண்காணிப்பாளர் எனக்கு, நான் உங்களுக்கு. நீங்க மட்டும் ஏன் வச்சுக்கிட்டு அவதிப்படறீங்க?"

"எனக்குக் கீழ யாரு சார் இருக்கா?"

நகல் சார் ஊழியர் பட்டியலை எடுத்து விரலை ஓட்டினார். லிஃப்ட்காரருக்குக் கீழே ஒரே ஒரு வரி இருந்தது: ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர்.

அந்த லிஃப்டுக்கு ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர், லிஃப்ட்காரரின் மனைவிக்கு அண்ணன். அவருக்கு மச்சான். அந்த வேலையில் மச்சானைச் சேர்த்துவிட்டதே இவர்தான். அகலமான தோள், அதிகம் பேசாத வாய். எதைச் சொன்னாலும் "ஆகட்டும்" என்பார். மறுநாள் தேநீர் நேரத்தில் லிஃப்ட்காரர் காகிதத்தை லிஃப்டின் சுவரில் வைத்து நீட்டினார்.

"என்ன மாப்ள இது?"

"ஒண்ணுமில்ல மச்சான். ஸ்ட்ரெச்சர் வரும்போது யார் முதல்ல போறதுன்னு இனிமே நீங்க சொல்லலாம். நோயாளியோட நெலம உங்களுக்குத்தானே தெரியும்? நான் இந்தப் பெட்டிக்குள்ளயே உக்காந்திருக்கேன், எனக்கு என்ன தெரியும்?"

சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் பிற்பாடு லிஃப்ட்காரரை அதிகம் குத்தியது. உண்மையைச் சொல்லியே ஒரு மனிதனை மாட்டிவிட முடியும் என்று அதுவரை அவருக்குத் தெரியாது.

"என்னை நம்பியா குடுக்கறீங்க?" என்று கேட்டார் மச்சான். கேட்டுவிட்டு, கையெழுத்தை நிறுத்தி நிதானமாக, பள்ளிக்கூடத்தில் போடுவதுபோல் போட்டார்.

இங்கே ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அடுத்த ஐந்து நாளும் அந்த லிஃப்ட் ஒழுங்காக ஓடியது. மச்சான் நோயாளியின் உதட்டைப் பார்ப்பார், நகத்தைப் பார்ப்பார், கையைத் தொட்டுப் பார்ப்பார். "இவங்க முதல்ல. அவர் பத்து நிமிஷம் தாங்குவார்," என்பார். தாங்கினார்கள். மருத்துவர்கள் கூட எதிர்த்துப் பேசவில்லை. தெரிந்தவன் கையில் முடிவு இருந்தால் என்ன நடக்குமோ அது நடந்தது. அதைப் பற்றி எந்தப் பதிவேட்டிலும் ஒரு வரி இல்லை, ஏனென்றால் மச்சானுக்குப் பதிவேடு கொடுக்க மறந்துவிட்டார்கள். ஏனோதானோவென்று தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்தவர், அந்த ஐந்து நாளும் கண்ணாடி பார்த்து நேராக வைத்துக்கொண்டு வந்தார். பெரிய மனிதர்கள் யாராவது நின்றால் மட்டும் ஒரு கணம் லிஃப்ட்காரரைப் பார்ப்பார். இவர் ஸ்ட்ரெச்சரைப் பார்ப்பார். அவ்வளவுதான், மச்சான் வண்டியை உள்ளே தள்ளிவிடுவார்.

ஆறாம் நாள் மதிப்பீட்டுக் குழு வந்தது. அதிகாரம் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று அளந்து பார்க்க ஒன்பது பேர். ஆறாவது மாடி அரங்கில் அவர்களுக்கு அதிகாரப் பரவலாக்கத்தைப் பற்றி ஒரு குறும்படம் காட்டுவதாக ஏற்பாடு. ஒன்பது பேரும் இயக்குநரும் லிஃப்டில் ஏறி நின்றார்கள். லிஃப்டின் சுவரில், 'பதின்மூன்று பேர் அல்லது ஒரு ஸ்ட்ரெச்சர்' என்று எழுதியிருந்தது.

கதவு மூடப்போகும்போது மச்சான் ஓடிவந்தார். ஸ்ட்ரெச்சரில் ஒரு பெயிண்டர், முப்பது வயதிருக்கும். சாரம் சரிந்து வலது கால் நசுங்கியிருந்தது. முழங்காலுக்கு மேல் ஒரு துணியை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். சட்டையெல்லாம் நீலப் பெயிண்டும் ரத்தமும்.

"அஞ்சாவது மாடி ஆபரேஷன் தியேட்டர். காத்துக்கிட்டு இருக்காங்க. கொஞ்சம் எறங்கிக்கணும்," என்றார் மச்சான். அதில் ஒரு தயக்கமும் இல்லை.

குழுவின் தலைவர் கையை உயர்த்தினார். "ஒரு நிமிஷம். இது நல்ல சந்தர்ப்பம். இங்க முடிவெடுக்கறது யாரு?"

"நம்ம லிஃப்ட்காரர்தான்," என்றார் இயக்குநர் சிரித்துக்கொண்டே. "நான் தலையிட மாட்டேன். அவர் எங்களை எறக்கிவிட்டாக்கூட நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்." சிரிப்பு வாயில் இருந்தது. கண் வேறு எதையோ சொல்லிக்கொண்டிருந்தது.

லிஃப்ட்காரரின் விரல் கதவைத் திறக்கும் பொத்தானில் இருந்தது. "நான் இல்லீங்க. ஸ்ட்ரெச்சர்காரர்தான் முடிவு பண்ணணும். எழுத்துல இருக்கு."

குழுவினர் சிலிர்த்துப்போனார்கள். ஒருவர், "ஸ்ட்ரெச்சர் வரைக்கும் போயிருக்கா!" என்று பக்கத்திலிருந்தவரின் தோளைத் தொட்டார். ஒன்பது பேனாக்கள் வெளியே வந்தன. தலைவர் மச்சானிடம் குனிந்து, "எந்த அளவுகோலை வச்சு நீங்க முடிவெடுக்கப் போறீங்கன்னு எங்களுக்காகக் கொஞ்சம் விளக்க முடியுமா?" என்று கேட்டார். பெயிண்டர் முனகினார். அதையும் ஒருவர் குறித்துக்கொண்டார்.

மச்சான் வழக்கம்போல லிஃப்ட்காரரைப் பார்த்தார்.

லிஃப்ட்காரர் ஸ்ட்ரெச்சரைப் பார்த்திருக்க வேண்டும். அது போதும். ஒரு வார்த்தை கூடத் தேவையில்லை. அவர் இயக்குநரைப் பார்த்தார். பிறகு மச்சானைப் பார்த்து மெதுவாக ஒருமுறை கண்ணை மூடித் திறந்தார். போகட்டும், விட்டுவிடுங்கள் என்று அதற்குப் பொருள். அந்த வீட்டில் பெண் எடுத்தவருக்கும் அந்த வீட்டுக்காரருக்கும் அது விளங்கும், மற்ற பத்து பேருக்கும் விளங்காது.

"பெரியவங்க போகட்டும்," என்றார் மச்சான். குரல் இறங்கியிருந்தது. "நான் சாய்தளத்துல தள்ளிட்டுப் போயிடறேன்."

"பாத்தீங்களா?" என்றார் இயக்குநர் குழுவிடம். "நான் ஒரு வார்த்தை சொல்லலை." கதவு மூடும்போது உள்ளே கைதட்டல் கேட்டது.

மச்சான் ஒற்றை ஆளாக நான்கு மாடி தள்ளிக்கொண்டு போனார். நான்காவது மாடித் திருப்பத்தில், சாய்தளக் காவலரின் சிறந்த முடிவு பதினான்கு கட்டில்களாக அடுக்கியிருந்தது. ஸ்ட்ரெச்சர் சக்கரத்துக்குத் தன் செருப்பை முட்டுக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு கட்டிலாக இழுத்துப் போட்டார். தியேட்டருக்குப் போய்ச் சேர இருபத்திரண்டு நிமிடம் ஆனது. பெயிண்டர் உயிர் பிழைத்தார். வலது கால் முழங்காலோடு போயிற்று. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று பெரிய அறுவை மருத்துவர் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

விசாரணை அரங்கில் நடந்தது. தலைமையகத்திலிருந்து வந்த விசாரணை அதிகாரி மென்மையான மனிதர். ஒவ்வொருவரும் எழுந்து தம் கைமாற்றுக் காகிதத்தைக் காட்டினார்கள். இயக்குநர் காட்டினார், கண்காணிப்பாளர் காட்டினார், நகல் சார் மூன்று நகல் காட்டினார். சாய்தளக் காவலர் தமக்குக் கிடைத்த பாராட்டுச் சான்றிதழைக் காட்டினார். லிஃப்ட்காரரும் எழுந்து தம்முடையதைக் காட்டினார். "காகிதம் சுத்தமா இருக்கு," என்று பாராட்டினார் அதிகாரி. வேறெதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கண்டிப்பாகச் சொல்லியிருப்பேன் என்று லிஃப்ட்காரர் பிறகு பலமுறை நினைத்துக்கொண்டார். அது பொய் என்றும் அவருக்குத் தெரியும்.

கடைசியாக மச்சான் எழுந்து நின்றார்.

"நீங்க யாருக்காவது கைமாற்றினீங்களா?"

"எனக்குக் கீழ யாருமில்லீங்களே."

"நோயாளி இருந்தாரே. ஸ்ட்ரெச்சர்ல உங்களுக்குக் கீழதானே படுத்திருந்தார்? அவர்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கியிருந்தா உங்க மேல ஒண்ணுமே இல்லை. நினைவில்லாம போயிட்டா கைரேகைக்கும் விதியில இடம் இருக்கு." அதிகாரி உண்மையிலேயே வருத்தப்பட்டார். "சரி. உங்களை யாராவது இப்படிச் சொல்லுன்னு தூண்டினாங்களா? சைகை ஏதாவது?"

லிஃப்ட்காரர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"இல்லீங்க," என்றார் மச்சான். "நானாத்தான் சொன்னேன்."

அன்று மாலையே அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். மறுநாள் இயக்குநர் எல்லோரையும் மறுபடியும் லிஃப்ட் முன்னால் கூட்டினார். "முடிவெடுக்கற பொறுப்பைக் கண்டவங்க கையில விட்டா என்ன ஆகும்னு பாத்தோம். அப்படி விட்டது யாருன்னு சிலர் கேக்கறாங்க. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ற பொறுப்பை நான் அப்பவே கைமாத்திட்டேன். இனிமே எல்லாம் மையத்துலதான்." தகட்டைத் தம் கையாலேயே பிடித்துக்கொடுத்தார். அதே புகைப்படக்காரர்.

லிஃப்ட்காரருக்கு முக்காலி திரும்பக் கிடைத்தது, தொலைபேசி திரும்பக் கிடைத்தது. தூக்கம் கிடைக்கவில்லை.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். மனைவி அண்ணன் மேல் கொதித்துப்போயிருந்தாள். "அவனை நம்பி நீங்க குடுத்த பொறுப்பு. பெரிய மனுஷங்களைப் பாத்ததும் பல்லை இளிச்சுட்டு வழிவிட்டிருக்கான். ஒருத்தனுக்குக் காலே போச்சு. வேலைக்குச் சேத்துவிட்ட உங்க மானமும் போச்சு," என்றாள். அண்ணன் வீட்டு வாசலில் நின்று, அண்ணியும் பிள்ளைகளும் பார்க்க, இதையேதான் கத்திவிட்டு வந்தாள். அதன்பிறகு அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. லிஃப்ட்காரர் ஒவ்வொரு நாளும் வாயைத் திறக்கப் போவார். அவள் அவருக்காகப் பரிந்து பேசிக்கொண்டே தட்டில் இன்னும் கொஞ்சம் போடுவாள். வாயில் இருந்தது சோற்றோடு உள்ளே போய்விடும்.

பெயிண்டர் வாரம் ஒருமுறை ஊன்றுகோலோடு கட்டு மாற்ற வந்தார். "நாலாவது மாடி," என்பார். லிஃப்ட்காரர் தொலைபேசியை எடுப்பார்.

"காரணம்?"

அவரால் அதைப் பெயிண்டரின் முன்னால் சொல்ல முடியவில்லை. ஒருமுறை பெயிண்டரே குனிந்து தொலைபேசியில், "கால் இல்லீங்க," என்றார். பிறகு முக்காலியைப் பார்த்து, "நீங்க உக்காருங்கண்ணே, எனக்காக ஏன் எந்திரிக்கறீங்க," என்றார். அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டு நான்கு மாடி போவது லிஃப்ட்காரருக்கு நாற்பது மாடியாக இருந்தது.

அன்று வேலை முடிந்ததும் மச்சானைத் தேடிக்கொண்டு போனார். மச்சான் ஒரு கிடங்கில் பழப்பெட்டி இறக்கிக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் துண்டால் ஒரு பெட்டியைத் துடைத்து, உட்காரச் சொன்னார்.

"மச்சான், அன்னைக்கு நான் கண்ணை..."

"அத விடுங்க மாப்ள. நீங்க கண்ணை மூடினீங்க. ஆனா, வாயைத் திறந்தது நான்தானே? அந்த ஆளோட நகம் நீலமா இருந்தது. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொன்னேன்." கொஞ்ச நேரம் பெட்டியின் ஆணியைத் தடவிக்கொண்டிருந்தார். "விசாரணையில உங்களையும் சொல்லியிருந்தா ரெண்டு வீட்லயும் அடுப்பு அணைஞ்சிருக்கும். ஒரு வீட்டோட போகட்டும்னு நெனச்சேன். தங்கச்சிகிட்ட ஒண்ணும் சொல்லிக்காதீங்க. என்னைத் திட்டறா, திட்டட்டும். உங்களைத் திட்ட ஆரம்பிச்சா அவளுக்கு யாரு இருக்கா?"

லிஃப்ட்காரர் திட்டு வாங்கத்தான் போயிருந்தார். திட்டியிருந்தால் வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பார்.

மறுநாள் மைய அலுவலகத்தின் ஜன்னல் முன்னால் போய் நின்றார்.

"புகாரா, விண்ணப்பமா?" என்றார் எழுத்தர்.

"புகார்."

"யார் மேல?"

"என் மேல."

எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார். "உங்க மேல நீங்களே குடுக்கணும்னா மேலதிகாரி சிபாரிசு வேணும். பழைய முறையா இருந்தா நீங்களே உங்களைக் குற்றவாளின்னு முடிவு பண்ணிக்கலாம். இப்ப மையம்தான் பண்ணணும்." ஆனாலும் இரக்கப்பட்டு, விண்ணப்பம் என்ற கட்டத்தில் கோடு போட்டு வாங்கிக்கொண்டார். நடந்ததை லிஃப்ட்காரர் ஒரு பக்கம் எழுதியிருந்தார், கண்ணை மூடித் திறந்தது உட்பட.

ஆறு வாரம் கழித்து வீட்டுக்குப் பதில் வந்தது. அவர் குளித்துவிட்டு வருவதற்குள் மனைவி பிரித்துவிட்டாள். முகமெல்லாம் மலர்ச்சியோடு சத்தமாகப் படித்தாள்.

"'தங்கள் விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டது. சம்பவ நேரத்தில் தங்களுக்கு முடிவெடுக்கும் அதிகாரம் இல்லாதபடியால், தாங்கள் தவறு செய்திருக்க வாய்ப்பில்லை என மையம் தீர்மானித்துள்ளது. தவறு முழுவதும் ஸ்ட்ரெச்சர் தள்ளுபவருடையதே. இத்தீர்மானம் இறுதியானது. இனி தாங்கள் குற்ற உணர்வு கொள்வதாயின் முன் அனுமதி பெற வேண்டும்.'" அவள் கடிதத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். "நான் அன்னைக்கே சொன்னேன்ல? உங்க மேல ஒரு தப்பும் இல்லை. பெரிய எடத்துலயே எழுதிக் குடுத்துட்டாங்க. இப்பவாவது நிம்மதியாத் தூங்குங்க."

லிஃப்ட்காரர் ஈரத் தலையோடு நின்றார்.

"உன் அண்ணன் என்னைப் பாத்தார்," என்றார். "என்ன செய்யறதுன்னு என்னைத்தான் கேட்டார். நான் கண்ணைக் காட்டினேன். பெரியவங்க போகட்டும்னு காட்டினேன். அவர் ஸ்ட்ரெச்சரை உள்ள தள்ளத்தான் வந்தார்."

அவள் கடிதத்தை மறுபடியும் பார்த்தாள், அதில் வேறு ஏதாவது எழுதியிருக்கிறதா என்று.

"அண்ணனுக்கு இது தெரியுமா?"

"தெரியாம என்ன? அவரைப் பாத்துத்தானே காட்டினேன்."

"நான் வாசல்ல நின்னு கத்தினேனே, அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

"நீங்களும் தெரிஞ்சுதான் தெனம் உக்காந்து சாப்பிட்டீங்களா?"

அவள் கடிதத்தை இருந்த மடிப்பிலேயே மடித்து அவர் கையில் கொடுத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு, அண்ணன் வீடு இருக்கும் தெருவைப் பார்த்து வேகமாக நடந்தாள். கூட வரச் சொல்லவில்லை.